மூணு தாழ்ப்பாளும் ஆவாரஞ்செடியும்

ஒரு ஊர்ல ஒரு கதவு இருந்துச்சு.

ராஜா எங்கேன்னு கேக்காதே. இந்தக் கதையில ராஜா இல்லை, கதவுதான். இருட்டினதும் அந்தக் கதவுல ஒரு சத்தம் கேக்கும். கிர்ர்ர்... கிர்ர்ர்... யாரோ மெதுவா, கொஞ்சம்கூட அவசரமில்லாம, மரத்தைக் குடையற மாதிரி. அப்புறம் நிக்கும். சத்தம் நின்னுருச்சேன்னு மூச்சு விட்டா, அந்த மூச்சுக்காகவே காத்திருந்த மாதிரி மறுபடியும், கிர்ர்ர்.

கதவுக்கு இந்தப் பக்கம் பாவாயி உக்காந்திருந்தா. மடியில ரெண்டு வயசு மக செல்லி. ஒரு கையில அருவா, இன்னொரு கையில மிளகாய்ப்பொடி டப்பா. டப்பாவைத் திறக்க மூணாவது கை ஒண்ணு வேணும்கிறது அவளுக்கு அப்போ தோணலை.

சத்தத்தைக் கேட்டு செல்லி கண்ணைத் திறக்காமலே, "அப்பா வண்டி"ன்னு சொல்லிட்டு மறுபடி தூங்கிட்டா.

ம்.

யாரு குடையறாங்கன்னு தெரியணுமா? தெரியும், தெரியும். சத்தம் எங்கயும் போயிடாது. அதுக்கு முன்னாடி ஒரு வருஷம் பின்னால போயிட்டு வருவோம்.

பாவாயிக்கு எதைக் கண்டாலும் பயம். பல்லி கத்தினா பயம், கத்தலைன்னா ஏன் கத்தலைன்னு பயம். வீடோ தோட்டத்துக்கு நடுவுல ஒத்தையா நிக்குது. கூப்பிட்டா கேக்கற தூரத்துல ஒரே ஒரு வீடு, குப்பாத்தா வீடு. புருஷன் சென்னியப்பன் லாரி ஓட்டறவன். ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை வருவான், ரெண்டு நாள் தூங்குவான், போயிடுவான். அதனால பாவாயி கதவுக்கு மூணு தாழ்ப்பாள் போட்டு வெச்சிருந்தா. மேல ஒண்ணு, நடுவுல ஒண்ணு, கீழ ஒண்ணு.

தாழ்ப்பாள் வெக்க வந்த ஆசாரி கேட்டார், "ஏனம்மிணி, உள்ள என்ன வெச்சிருக்கறீங்க?"

"ஒண்ணுமில்லீங்க."

"ஒண்ணுமில்லாததுக்கு மூணா?"

அவர் சிரிச்சுக்கிட்டே துளை போட்டதுல, தாழ்ப்பாள் போய் உக்கார்ற குழி மூணும் நிலைக்கட்டையில இந்தப் பக்கம் ஆரம்பிச்சு அந்தப் பக்கம் போய் முடிஞ்சுது. கதவைச் சாத்திட்டுக் குழியில கண்ணை வெச்சா வெளிய வாசல் தெரியும். நிலையும் நல்ல மரமில்லை, மாமரம். பாவாயிக்கு அதுவும் நல்லதாப் போச்சு. வெளிய யார் வர்றாங்கன்னு பாக்க ஆச்சேன்னு விட்டுட்டா.

அப்போ ஒரு தைப்பூசத்துக்கு சென்னியப்பன் வந்தான். வந்து கதவைத் தட்டினான். டொக் டொக்.

"யாரு?"

"நான்தான்."

"நான்தான்னா யாருங்க?"

"ஏம்புள்ள, உம்புருஷன்."

"பேரு?"

இப்படி விசாரணை எல்லாம் முடிஞ்சு, டக், டக், டக்குன்னு மூணு தாழ்ப்பாளும் திறந்து அவன் உள்ள வர்றதுக்குள்ள கொண்டு வந்த புரோட்டா ஆறிப் போச்சு. ஆறின புரோட்டாவைப் பிச்சுக்கிட்டே அவன் சொன்னான், "நீ இங்க தனியா இருக்கறது சரிப்படாது. டவுனுக்குப் போயி எங்கக்கா வீட்டுல இருந்துக்கோ."

பாவாயிக்கு அது திருடனைவிடப் பெரிய பயம். திருடனுக்குப் பயந்தா ராத்திரி மட்டும் பயந்தாப் போதும். நாத்தனார் ருக்குமணிக்குக் காலையில காபியில இருந்து பயப்படணும். சர்க்கரை டப்பாவை மூடலைன்னா ஒரு பேச்சு, இறுக்கி மூடினா ஒரு பேச்சு.

"நான் இங்கயே இருந்துக்கறனுங்க."

"இருந்து என்ன பண்ணற? தோட்டம் சும்மா கெடக்குது. நீ ஜன்னல் இடுக்கு வழியா எட்டிப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறே. சரி, ஒண்ணு செய். அடுத்த தைப்பூசத்துக்கு நான் வர்றப்ப, இந்தத் தோட்டத்துல இருந்து ஒரு கூடை கத்திரிக்காய் பறிச்சு வெச்சிரு. அப்போ ஒத்துக்கறேன், உனக்கு இங்க இருக்கத் தெம்பு இருக்குன்னு. இல்லைன்னா வீட்டைப் பூட்டு, அக்கா வீட்டுக்கு நட."

ம்.

ஒரு கூடை. அவ்வளவுதான். கத்திரிச்செடி வெச்சா கத்திரிக்காய் வருது, இதுல என்ன கஷ்டம்னு பாவாயியும் நினைச்சா. வெச்சா. செடி வந்துச்சு. ஊதாப்பூ பூத்துச்சு. பூத்த பூவெல்லாம் ரெண்டாம் நாள் காம்போட பொத்து பொத்துன்னு உதிர்ந்துச்சு.

முதல்ல புளிச்ச மோரைத் தண்ணியில கலந்து தெளிச்சா. பூ உதிர்ந்துச்சு. உதிர்ந்த பூவுல மோர் வாசம் வந்துச்சு, அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்புறம் மருந்துக்கடையில போயி, பூ உதிராத டானிக்குன்னு ஒண்ணு வாங்கிட்டு வந்து அடிச்சா. அடிச்ச மறுநாள் செடியில இருந்த எறும்புகூடக் குடும்பத்தோட கிளம்பிப் போயிடுச்சு. பூ மட்டும் வழக்கம்போல பொத்து, பொத்து.

அப்புறம் கண்ணு பட்டிருக்கும்னு பழைய சட்டையில வைக்கோல் அடைச்சு, பானையில மீசை வரைஞ்சு, திருஷ்டி பொம்மை ஒண்ணு நிறுத்தினா. நல்ல மீசை. அன்னைக்கு ராத்திரி நிலா வெளிச்சத்துல அந்த மீசையை ஜன்னல் வழியாப் பாத்துட்டு அவளுக்கே காய்ச்சல் வந்துருச்சு. விடிஞ்சதும் பொம்மையைப் படுக்க வெச்சு மேல சாக்கு போட்டு மூடிட்டா.

மூணும் ஆச்சு. காய் மட்டும் இல்லை.

ஆனா பாவாயிகிட்ட ஒரு பழக்கம் இருந்துச்சு, ஊர்ல வேற யாருக்கும் இல்லாத பழக்கம். நாள் பூரா ஜன்னல் இடுக்குல கண்ணை வெச்சுத் திருடன் வர்றானான்னு பாத்துக்கிட்டே இருப்பா. திருடன் வரலை. வராதவனைப் பாத்துக்கிட்டு இருந்தா, வர்றதெல்லாம் கண்ணுல படும்தானே?

தோட்டத்து ஈசானி மூலையில, கல்தூண் பக்கத்துல, ஒரே ஒரு ஆவாரஞ்செடி நின்னுச்சு. முன்னாடி அந்த ஊர் வேலி பூராவும் ஆவாரைதான். அப்புறம் எல்லாரும் நாகரிகமாகி, பொக்லைன் விட்டு வேலியை வழிச்செடுத்துட்டுக் கம்பி வேலி போட்டாங்க. வாசல்ல அழகுக்குக் காகிதப்பூ வெச்சாங்க. பாவாயியும் ருக்குமணி அண்ணி சொன்னாங்கன்னு ஒண்ணு வெச்சிருந்தா. ரோஸ் கலர்ல செடி கொள்ளாம பூத்து நிக்கும். ஒரு ஈகூட எட்டிப் பாக்காது. அந்த மூலையில மட்டும் பொக்லைன்காரர் வண்டியைத் திருப்பச் சோம்பல்பட்டதால ஒரு ஆவாரை தப்பிச்சுது.

ஒரு நாள் அந்த ஆவாரைக்கு ஒரு வண்டு வந்துச்சு. ஞொய்ய்ய்ங். கன்னங்கரேல்னு, செல்லியோட கட்டைவிரல் தண்டி. றெக்கை வெயில்ல பட்டா மயில்கழுத்து நிறம். மஞ்சப்பூவைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு ஒரு உலுக்கு உலுக்குச்சு, ட்ர்ர்ர்ர். வயித்துல எல்லாம் மஞ்சப்பொடி. அடுத்த பூ, ட்ர்ர்ர்ர். போற வழியில பக்கத்துல இருந்த கத்திரிச்செடியில இறங்கி, அந்த ஊதாப்பூவையும் ஒரு தடவை கட்டிப் பிடிச்சு, ட்ர்ர்ர்ர்.

அந்தச் செடியில பூ உதிரலை. எட்டாம் நாள் பாத்தா சுண்டுவிரல் நுனியாட்டம் ஒரு பிஞ்சு.

ம்?

ஆமா, அதேதான். கத்திரிப்பூ பொடியை உள்ள வெச்சுப் பூட்டி வெச்சிருக்கும். வண்டு வந்து உலுக்கினாத்தான் கொட்டும். பாவாயி விரலால உலுக்கிப் பாத்தா. ரெண்டு பூ முறிஞ்சு கையோட வந்துருச்சு. சரி, இது நம்ம வேலை இல்லை, வண்டோட வேலைன்னு விட்டுட்டா. ஒரு ஆவாரைக்கு ஒரு வண்டு வந்தா, வேலி பூரா ஆவாரை வெச்சா?

அப்போ பாவாயி அந்தச் செடியில இருந்து காஞ்ச காயெல்லாம் பொறுக்கினா. தட்டைத் தட்டையா, காகிதம் மாதிரி காய். உள்ள சின்னச் சின்ன விதை. மழை பேஞ்ச மறுநாள் வேலியோரமா தூவினா. புல்லு வந்துச்சு, பூண்டு வந்துச்சு. ஆவாரை வரலை.

குப்பாத்தா வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு பாத்தா. "ஏம்புள்ள, என்னது வெதைக்கறே?"

"ஆவாரைங்க்கா."

குப்பாத்தா எட்டி விதையை ஒரு தடவை பாத்தா. அப்புறம், "ரோட்டோரமாத் தானா மொளைக்கறதுக்கு நீ வெதை போடறயா? அடுத்தாப்பல என்ன, அருகம்புல்லுக்கு உரம் வெக்கப் போறியா?"ன்னு கேட்டுட்டுப் போயிட்டா. சாயங்காலத்துக்குள்ள ஊருக்கே தெரிஞ்சு போச்சு.

ரெண்டாவது தடவை ராத்திரி பூரா பச்சைத்தண்ணியில ஊற வெச்சுப் போட்டா. காலையில பாத்தப்பவே விதை, நாங்க ஊறலையேங்கற மாதிரி கெட்டியாக் கிடந்துச்சு. அப்பவும் முளைக்கலை. ரோட்டோரம் தானா முளைக்கிறது, தண்ணி ஊத்தினா முளைக்காதாம். அதுக்கும் ஒரு கௌரவம்.

மூணாவது தடவை பாவாயிக்குக் கோபம் வந்துருச்சு. விதையெல்லாம் அள்ளி அம்மிக்கல்லு மேல போட்டு, கொஞ்சம் மணலைத் தூவி, கையால பரபரன்னு தேச்சா. சரக்கு சரக்கு சரக்கு. விதையோட பளபளப்பு போற வரைக்கும் தேச்சா. யாரை நினைச்சுக்கிட்டுத் தேச்சாங்கறது இந்தக் கதைக்கு வேண்டாம். அப்புறம் வெதுவெதுப்பான தண்ணியில போட்டு வெச்சா, காலையில ஒவ்வொண்ணும் உப்பிப் போயிருந்துச்சு. குழி தோண்டிப் போட்டா. ஏழாம் நாள், வேலி நெடுக ஜோடி ஜோடியா பச்சை இலை.

செல்லி ஒவ்வொண்ணுக்கும் "வா, வா"ன்னு சொல்லிக்கிட்டே போச்சு.

ம்...

தூங்கிட்டியா? இல்லையா. சரி.

அப்புறம் ஆடி போச்சு, ஆவணி போச்சு. பாவாயி குடம் குடமா ஊத்தினா. போற வர்றவங்க எல்லாம் வேலிப் பக்கம் நின்னு சிரிச்சுட்டுப் போனாங்க. கார்த்திகையில ஆவாரை இடுப்புக்கு மேல வந்து பூத்துச்சு. வேலி பூராவும் மஞ்சள் கொத்துக் கொத்தாத் தொங்குச்சு. ரோட்டுல இருந்து பாத்தா வீட்டுக்கு யாரோ மஞ்சப் பட்டு சுத்தி விட்ட மாதிரி.

வண்டு வந்துச்சு. ஒண்ணு ரெண்டு இல்லை. கருவண்டு, நீலக்கோடு போட்ட குட்டித் தேனீ, பேர் தெரியாதது பத்து. காலையில இருந்து ஒரே ஞொய்ங், ட்ர்ர்ர், ஞொய்ங், ட்ர்ர்ர். புதுசா வெச்ச கத்திரியில பூ உதிர்றது குறைஞ்சுது. பிஞ்சு பிடிச்சுது.

இப்போ அந்தக் கதவுக்கு வருவோம். அங்க பாவாயி அருவாளும் மிளகாய்ப்பொடியுமா உக்காந்திருக்கா, பாவம்.

கிர்ர்ர்... கிர்ர்ர்...

விடியற வரைக்கும் உக்காந்திருந்தா. விடிஞ்சதும் டக், டக், டக். கதவைத் திறந்தா வெளிய யாருமில்லை. வாசப்படியில மட்டும் பொடிப்பொடியா மரத்தூள். அண்ணாந்து பாத்தா. மேல் தாழ்ப்பாள் குழிக்குள்ள, திருடன் தன்னோட பின்பக்கத்தைக் காட்டிக்கிட்டு உக்காந்திருந்தான். கருகருன்னு, குண்டா. கருவண்டு.

கருவண்டு குடியிருக்கறது மரத்துக்குள்ளதான். பட்ட மரம், மூங்கில், மூங்கில் இல்லாத ஊர்ல மாமரத்து நிலை. அதுலயும் ஆசாரியே பாதி துளை போட்டுக் கொடுத்திருந்தா வேற எங்க போகும்? பாவாயி ஸ்டூல் போட்டு ஏறி, தாழ்ப்பாள் குழி வழியா ஒத்தைக் கண்ணால பாத்தா. ஓரமா இன்னொரு பொந்து குடைஞ்சு, அது உள்ள பூத்தூளைத் தேன் விட்டுப் பிசைஞ்சு ஒரு உருண்டை. உருண்டை மேல சோத்துப் பருக்கையாட்டம் ஒரு முட்டை. மறுநாள் பாத்தா, மரத்தூளை மென்னு ஒரு சுவர் வெச்சு அதை அடைச்சிருந்துச்சு. அப்புறம் இன்னொரு உருண்டை, இன்னொரு முட்டை, இன்னொரு சுவர். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு அறை, ஒவ்வொரு அறைக்கும் ஒரு அடைப்பு.

அட, இவளும் நம்மளை மாதிரிதானான்னு பாவாயிக்குத் தோணுச்சு.

ஆனா முட்டையைப் பாத்த அன்னைக்கே சாயங்காலம் ஒரு சிக்கல். தாழ்ப்பாள் போடணும். முதல்ல வெளி ஓரத்துல இருந்த வண்டு இப்போ குழி நெடுகக் குடியேறிடுச்சு, தாழ்ப்பாளைத் தள்ளினா, உள்ள தாயும் பிள்ளையும் நசுங்கிப் போகும். வண்டு போச்சுன்னா பூவை யாரு உலுக்கறது? பூவை உலுக்கலைன்னா காய் ஏது? காய் இல்லைன்னா ருக்குமணி அண்ணி வீடு, சர்க்கரை டப்பா.

பாவாயி தாழ்ப்பாள்ல கை வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னா. அப்புறம் கையை எடுத்துட்டா. "இன்னும் ரெண்டு இருக்குதே"ன்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டா.

பத்து நாள் கழிச்சு நடுத் தாழ்ப்பாள்ல, கிர்ர்ர்.

குப்பாத்தா வந்து பாத்துட்டு, "துணியில மண்ணெண்ணெயை நனைச்சு ஓட்டையில திணிச்சு விடு புள்ள"ன்னா.

"மண்ணெண்ணெய் இல்லீங்க்கா"ன்னா பாவாயி. மண்ணெண்ணெய் கேன் கட்டிலுக்கு அடியில இருந்துச்சு.

ஆசாரி வந்தார். "மரத்தூளும் பசையும் வெச்சு அடைச்சு விட்டுடறேன் அம்மிணி."

"அப்புறமாச் சொல்லி அனுப்பறனுங்க."

நாத்தனார் போன்ல பேசினா. "அங்க என்ன, வீட்டுக்குள்ளயே வண்டு வளக்கறயாமா? மருந்தை அடிச்சு விடு. என்னமோ போ, தையில இங்க வந்துடப் போறவதானே நீ."

"ஆகட்டுங்க அண்ணி"ன்னு சொல்லிட்டு பாவாயி போனை வெச்சா. மருந்து அடிக்கலை.

அடுத்த வாரம் கீழ் தாழ்ப்பாள். கிர்ர்ர்.

இப்போ கதவுக்குத் தாழ்ப்பாளே இல்லை. மூணு தாழ்ப்பாளும் இருக்கு, ஆனா ஒண்ணும் இல்லை. பாவாயி ஆட்டுக்கல்லைத் தள்ளிக் கதவுக்கு முட்டுக் கொடுக்கலாம்னு பாத்தா, அது அசையலை. கதவுல சாய்ச்சு ஒரு பித்தளைக் குடத்தை வெச்சா. நடுராத்திரி அவளே தண்ணி குடிக்க எந்திரிச்சு, அதுல இடிச்சு, டமால். அவ போட்ட கூச்சலுக்குக் குப்பாத்தா வீட்டு நாய் ஒரு மணி நேரம் குரைச்சுது.

ஒரு ராத்திரி போச்சு, யாரும் வரலை. ரெண்டாவது ராத்திரியும் யாரும் வரலை. மூணாவது ராத்திரியும் வரலை. இத்தனை நாள் மூணு தாழ்ப்பாள் போட்டுக் காத்துக்கிட்டு இருந்ததுக்கு, பாவாயிக்குக் கொஞ்சம் அவமானமாக்கூட இருந்துச்சு. நாலாவது ராத்திரி அந்தக் கிர்ர்ர் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே தூங்கிட்டா.

ம்.

ஆனா திருடன் வந்தான் கண்ணு. வராம இருப்பானா? பொங்கலுக்கு முதல் நாள் வந்தான். பட்டப்பகல்ல வந்தான். சேலை கட்டிக்கிட்டு, கையில கோணிப்பையோட, "அம்மிணி, நல்லா இருக்கறயா"ன்னு கேட்டுக்கிட்டே வந்தான்.

அந்த ஊர்ல பொங்கலுக்கு முதல் நாள் காப்புக் கட்டுவாங்க. வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ மூணையும் சேத்துக் கட்டி, வாசல் எரவாணத்துல சொருகுவாங்க. கெட்டது எதுவும் வீட்டுக்குள்ள வராம காப்பாத்தும்னு நம்பிக்கை. வேப்பிலை இருக்கு, பூளைப்பூ இருக்கு. ஆவாரையைத்தான் எல்லாருமா சேந்து பொக்லைன் விட்டு வழிச்சாச்சே. இத்தனை வருஷமா டவுன் சந்தையில வாடின கொத்தா வாங்கிட்டு வந்தாங்க. இந்த வருஷம் எதுக்குச் சந்தைக்குப் போறாங்க? பாவாயி வேலி பூரா மஞ்சளாத் தொங்குதே.

எட்டுப் பத்துப் பொம்பளைங்க. முன்னால குப்பாத்தா, கையில கொக்கிக் கம்போட.

பாவாயி ஜன்னல் இடுக்குல பாத்தா. கத்திரிச்செடியில அப்போ ஏழெட்டுக் காய்தான். மத்ததெல்லாம் பூவும் மொட்டும். இன்னைக்கு ஆவாரையை மொட்டையடிச்சுட்டா வண்டு வேற ஊர் பாத்துப் போயிடும். கூடை நிறையாது. கை தன்னால தாழ்ப்பாளைத் தேடிப் போச்சு. மேல வண்டு. நடுவுல வண்டு. கீழயும் வண்டு.

பூட்டிக்கிட்டு உள்ள இருக்கவும் வழியில்லை. அப்போ என்ன பண்ணறது? வெளியதான் போகணும்.

பாவாயி வெளிய வந்தா.

"வாங்கக்கா. வீட்டுக்கு ஒரு கொத்து நானே ஒடிச்சுத் தாரேன். செடியில கை வெக்காதீங்க."

குப்பாத்தா சிரிச்சா. "ஒரு கொத்தா? எங்க வீட்டுக்கு முன்வாசல், பின்வாசல், மாட்டுக்கொட்டாய், ஆட்டுப்பட்டி, மோட்டார் ரூம், போன மாசம் கட்டின பாத்ரூம். எல்லாத்துக்கும் காப்பு வேண்டாமா?"

"பாத்ரூமுக்கு என்னங்க கெட்டது வரப் போகுது?"

"சாமி காரியத்துல கணக்குப் பாக்கற பாரு. ரோட்டோரம் கெடக்கற செடிக்கு இந்தப் பவுசா?"ன்னு சொல்லிக்கிட்டே குப்பாத்தா கொக்கியை மாட்டி ஒரு கிளையை வளைச்சு இழுத்தா. சடக்.

கிளை நிறைய வண்டு இருந்துச்சு. ஞொய்ய்ய்ய்ங்.

கருவண்டுல ஒண்ணு குப்பாத்தா மூக்குக்கு நேரா வந்து அந்தரத்துல நின்னு முறைச்சுது. இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. குப்பாத்தா கோணிப்பையைத் தலையில கவுத்துக்கிட்டு ஓடினா. தலையில பை இருந்ததால எங்க ஓடறோம்னு தெரியலை, நேரா காகிதப்பூச் செடிக்குள்ள போயி நின்னா. அந்தச் செடிக்கு முதல் தடவையா ஒரு உசிரு வந்துச்சு, அதுவும் குப்பாத்தா. மத்தவங்க எல்லாம் ரோட்டுக்குப் போயிட்டாங்க.

பாவாயி மட்டும் வண்டுக்கு நடுவுல நின்னா. அவளுக்கு அந்தச் சத்தம் பழக்கம். "ஒண்ணும் பண்ணாதுங்க்கா. இப்படி வந்து முறைக்கறது ஆண்வண்டு, அதுக்குக் கொடுக்கே கிடையாது. சும்மா மிரட்டும். எங்க வீட்டுக் கதவுல மூணு குடும்பம் இருக்குது"ன்னு சொல்லிக்கிட்டே, ஒவ்வொரு கொத்தா ஒடிச்சு ரோட்டுக்குப் போயி ஒவ்வொருத்தர் கையிலயும் கொடுத்தா. ஒரு வீட்டுக்கு ஒண்ணு.

குப்பாத்தா முள்ளுல மாட்டின சேலையை எடுத்து விட்டுக்கிட்டே சொன்னா, "உன்னைப் போயி பயந்தாங்கொள்ளின்னாங்களே புள்ள."

"ஆமாங்க்கா"ன்னா பாவாயி. சொல்லிட்டு, தாழ்ப்பாள் போடாத வீட்டுக் கதவை ஒரு தடவை திரும்பிப் பாத்துக்கிட்டா.

"பாத்ரூமுக்கு மட்டும் இன்னொரு கொத்து..."

"அடுத்த வருஷத்துக்கு வெதை தாரேனுங்க்கா. உங்க வேலியிலயே வெச்சுக்குங்க. மணல் போட்டுத் தேச்சுப் போடணும், அப்பத்தான் வரும்."

அப்புறம் தைப்பூசம் வந்துச்சு. அதுக்கு முந்தின ராத்திரி லாரியை ரோட்டுல நிறுத்திட்டு சென்னியப்பன் நடந்து வந்தான். கையில புரோட்டாப் பொட்டலம். விசாரணைக்குத் தயாரா, தொண்டையைச் செருமிக்கிட்டு, பேரு ஊரு எல்லாம் மனசுல வெச்சுக்கிட்டுக் கதவைத் தட்டினான். டொக்.

ரெண்டாவது டொக்குக்குக் கதவு இல்லை. கிரீச்னு தானாத் திறந்துக்கிச்சு.

அவனுக்கு உசிரே போயிடுச்சு. மூணு தாழ்ப்பாள் போடறவ வீடு, ராத்திரியில திறந்து கிடக்குதுன்னா? உள்ள ஒரே இருட்டு. "பாவாயி"ன்னு கிசுகிசுத்தான். ஒரு அடி வெச்சான். காலுல என்னமோ தட்டுப்பட்டு உருண்டு போச்சு. செல்போன் வெளிச்சத்துல பாத்தா, கூடை. கூடை நிறைய கத்திரிக்காய். மினுமினுன்னு, காம்பு வாடாம.

அவன் யோசிச்சான். திருடன் வந்திருந்தா எடுத்துட்டுத்தானே போவான்? ஒரு கூடை கத்திரிக்காயை வெச்சுட்டா போவான்?

அப்போ அவன் காதுகிட்ட, கிர்ர்ர்.

பொட்டலம் கீழ விழுந்துச்சு. அந்தச் சத்தத்துக்குத்தான் பாவாயி கண்ணு முழிச்சா. "யாரு?"ன்னா.

"நான்... நான்தான்."

"ஓ. கதவைச் சும்மா சாத்திட்டுப் படுங்க. மெதுவா, வண்டு தூங்குது"ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துட்டா.

மறுநாள் காலையில அவன் கூடையை ஒரு தடவை பாத்தான், வேலியை ஒரு தடவை பாத்தான். "சரி புள்ள. நீ இங்கயே இரு. அக்காகிட்ட நான் சொல்லிடறேன்"னான்.

"சும்மாச் சொல்லாதீங்க. நாலு காய் கொண்டு போயிக் கொடுத்துட்டுச் சொல்லுங்க."

கொடுத்தான். ருக்குமணி வாங்கிக் குழம்பு வெச்சு, ரெண்டு தடவை போட்டுச் சாப்பிட்டு, "ஒண்ணு லேசா முத்தல்"னு மட்டும் சொல்லி அனுப்பினா. பாவாயி அதை நல்ல வார்த்தையாவே எடுத்துக்கிட்டா.

அப்புறம் லாரி எஞ்சின் வேலைக்குன்னு ஒரு மாசம் ஷெட்டுல நின்னுச்சு. சென்னியப்பன் வீட்டுலயே இருந்தான். வெறும் ரோட்டோரம், காட்டு வழி, சுடுகாட்டுப் பக்கமெல்லாம் லாரியில படுத்துத் தூங்கினவன், சொந்த வீட்டுல தூக்கம் வராம புரண்டான்.

"தாழ்ப்பாள் போடாம எப்படிப் புள்ள தூங்கறே?"

"லாரியில தூங்கறப்ப பயமில்லீங்களா?"

"லாரிக்கு லாக் இருக்குது."

முதல் ராத்திரி பித்தளைக் குடத்தைக் கதவுல சாய்ச்சு வெச்சான். ரெண்டாவது ராத்திரி ஆட்டுக்கல்லை அசைச்சுப் பாத்தான். மூணாவது ராத்திரி மிளகாய்ப்பொடி டப்பா எங்க இருக்குன்னு கேட்டான். பாவாயி எடுத்துக் கொடுத்து, "முன்னாடியே திறந்து வெச்சுக்குங்க. அப்புறம் கை பத்தாது"ன்னா.

நாலாம் நாள் அவனே எங்கிருந்தோ ஒரு மூங்கில் கொண்டு வந்தான். முழம் முழமா அறுத்து, ஒரு முனை திறந்தும் ஒரு முனை கணுவோட அடைச்சும் இருக்கற மாதிரி பாத்து, ஆவாரை வேலி நெடுகக் கட்டி விட்டான். "இது யாருக்குங்க?"ன்னா பாவாயி. "வண்டுக்குத்தான். அதுக்கு வேற வீடு கெடைச்சா எனக்குத் தூக்கம் கெடைக்கும்"னான்.

மாசி பிறந்துச்சு. ஒரு நாள் காலையில மேல் குழியில இருந்து ஒரு புது வண்டு தலையை நீட்டுச்சு. வெளிச்சத்தைப் பாத்து யோசிச்சுது, அப்புறம் ஞொய்ங். அதுக்குப் பின்னால இன்னொண்ணு. நடுக்குழியில இருந்து நாலு. கீழ்க் குழியில இருந்து மூணு. செல்லி ஒவ்வொண்ணுக்கும் கையாட்டி "போ, போ"ன்னுச்சு. அதுங்க நேரா ஆவாரைக்குத்தான் போச்சுங்க.

ம்...

கண்ணு சொக்குதா? இதோ ஆச்சு.

அன்னைக்குச் சாயங்காலம் சென்னியப்பன் குழி மூணையும் ஊதி, குச்சி விட்டுத் துடைச்சு, உள்ள யாரும் இல்லைன்னு மூணு தடவை பாத்தான். இருட்டினதும் கதவைச் சாத்தினான். உள்ள நின்னுக்கிட்டு மேல் தாழ்ப்பாளைத் தள்ளினான். டக்.

நடுத் தாழ்ப்பாள். டக்.

பாவாயி பாய்ல படுத்துக்கிட்டே, பாதித் தூக்கத்துல கேட்டா, "ஏனுங்க, ரெண்டு போதாதுங்களா?"

வெளிய வேலியோரம், மூங்கிலுக்குள்ள இருந்து மெதுவா, கிர்ர்ர்.

"அப்பா வண்டி"ன்னுச்சு செல்லி.

"அப்பா இங்கதான் இருக்கறேன், தூங்கு"ன்னு சொல்லிட்டு, குனிஞ்சு கீழ் தாழ்ப்பாளையும் தள்ளினான். டக்.

கதவுக்கும் தாழ் போட்டாச்சு, கதைக்கும் தாழ் போட்டாச்சு. கண்ணுக்கும் போடு, தங்கம்.